வாசலோடு பொருத்தப்பட்ட நீர்நாய்

ஒரு காட்டில் ஒரு துறைமுகம் இருந்தது. காட்டுக்குள் எப்படித் துறைமுகம் என்று கேட்பவர்கள், அது இங்கிலாந்துக் காடு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். இந்தக் காடும் சரிவில் இறங்கி இறங்கி, கடைசி மரத்தைத் தாண்டியதும் கடலில் போய் முட்டிக்கொண்டது. முட்டிய இடத்துக்கு விங்கிள்போர்ட் என்று பெயர். அங்கே விலங்குகள் ஆங்கிலத்தில்தான் பேசின. ஆனால் விலங்குகள் எந்த நாட்டில் பேசினாலும் நம் காதில் தமிழாகத்தான் விழும். கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விங்கிள்போர்ட்டில் நார்மன் என்ற நீர்நாய் வாழ்ந்தது. காலை ஏழு மணிக்கு வரும் ஃபெர்ரி கப்பலிலிருந்து வீசப்படும் கயிற்றைப் பிடித்து, கரையிலுள்ள இரும்புத் தூணில் மாட்டுவது அதன் வேலை. அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. சம்பளம் இல்லாமல் அது செய்த இன்னொரு வேலை முணுமுணுப்பது. காற்று அடித்தால் ஏன் அடிக்கிறது என்று முணுமுணுக்கும். நின்றால் ஏன் நின்றது என்று முணுமுணுக்கும். கப்பலிலிருந்து நிறைய பேர் இறங்கினால் "இதுங்க எல்லாம் எதுக்கு வருது?" என்று கேட்கும். யாரும் இறங்காவிட்டால் "நம்ம ஊரு அவ்வளவு கேவலமா போச்சா?" என்று கேட்கும்.

நார்மனின் மனைவி பெரில் அதற்கு நேர் எதிர். துறைமுகத்தின் மறுகோடியில் அவித்த மட்டிச் சிப்பியில் வினிகர் ஊற்றி, காகிதக் கிண்ணத்தில் வைத்து விற்றது. வாங்க வந்தவர்கள், வாங்காமல் போனவர்கள், வழி கேட்டவர்கள் என எல்லாரிடமும் சிரித்துப் பேசியது. மாலையில் வீட்டுக்கு வந்து நார்மனின் முணுமுணுப்பு முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி விடு" என்று சொல்லும். அதோடு நார்மனுக்கு மனசு லேசாகி, பசி எடுக்கும். முப்பது வருஷமாக இதுதான் அவர்கள் குடும்பம் நடத்திய விதம்.

துறைமுகச் சுவருக்கு அடியில் ஒரு வளையில் வாடகைக்கு இருந்தார்கள். மாதம் ஆறு கானாங்கெளுத்தி மீன் வாடகை. வளையின் சொந்தக்காரர் கிரிம்ஷா என்ற தேரை. சுவரெல்லாம் ஓதம். கதவு பாதிதான் மூடும். ஆனால் கதவைத் திறந்தால் நேரே கடல்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து ஒரு முயல் ரூபத்தில் வந்தது. அந்த முயல் கரையில் நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது, ஒரு கடல் காகம் பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. முயல் திகைத்துப் போய்ப் பக்கத்திலிருந்த நார்மனைப் பார்த்து, "இங்க அடிக்கடி இப்படி நடக்குமா?" என்று கேட்டது.

"அது தூக்கிட்டுப் போனதே உனக்குப் புண்ணியம்" என்றது நார்மன். "அந்தக் கடை எண்ணெயைத் தின்னிருந்தா இந்நேரம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பே. போ, போய் வேலையைப் பாரு."

முயலுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. லண்டனில் ஏழு வருஷமாக யாரும் அதனிடம் மனசில் பட்டதைச் சொன்னதே இல்லை. ஊருக்குப் போனதும் பத்து முயல்களிடம் இதைச் சொன்னது. பத்து முயல்களுக்குத் தெரிந்த விஷயம் அடுத்த மாதம் எத்தனை முயல்களுக்குத் தெரியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் கும்பல் கும்பலாகத் திட்டு வாங்க வந்தன. வாரக் கடைசியில் மட்டும் திட்டு வாங்கினால் போதவில்லை என்று சில முயல்கள் அங்கேயே வீடு வாங்கின. வீட்டு விலை ஏறத் தொடங்கியது. ஏறிய வேகத்தில் ஒரு நத்தை, தன் முதுகில் இருந்த வீட்டின் விலையைக் கேட்டுவிட்டு, இது நமக்குக் கட்டுப்படியாகாது என்று இறங்கிப் போய்விட்டது.

கிரிம்ஷா தேரைக்கும் ஆசை வந்தது. வீட்டு புரோக்கரான ஜூலியன் நரியைக் கூட்டிக்கொண்டு வந்தது. எனக்கு இந்த நரியைக் கண்டாலே ஆகாது. அது பொய் சொல்லாது. உண்மைக்குச் சட்டை மாட்டிவிடும். ஓதம் அடித்த சுவரைத் தடவிப் பார்த்து, 'கடலோடு உறவாடும் சுவர்' என்று நோட்டில் எழுதிக்கொண்டது. மூடாத கதவை ஆட்டிப் பார்த்து, 'எப்போதும் வரவேற்கும் வாசல்' என்று எழுதிக்கொண்டது.

"விலை எவ்வளவு?" என்று கேட்டது நார்மன்.

"ஒன்பது லட்சம் கானாங்கெளுத்தி சார்."

"கடல்லயே அத்தனை மீன் இல்லையே."

"அதுக்குத்தான் சார் பேங்க் இருக்கு. இருக்கிற மீனைக் குடுக்க அவங்க எதுக்கு?"

குடியிருப்பவர்களுக்கு இரண்டு மாதம் அவகாசம் என்று சொல்லிவிட்டு நரி போனது. அன்று மாலை பெரில் ஒரே கிண்ணத்தை நாலு தடவை கழுவியது. பிறகு, "எனக்கு இந்தச் சுவரு, இந்தக் கடல் எல்லாம் வேணும்தான் நார்மன்" என்றது. "ஆனா அதைவிட, நீ பக்கத்துல இருக்கணும். எங்க போனாலும் ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற மாதிரி ஏதாவது பண்ணு." நார்மன் அந்தக் கிண்ணத்தை வாங்கித் துடைத்து வைத்தது. சரி என்று தலையை மட்டும் ஆட்டியது.

நார்மனுக்குப் பண்ணத் தெரிந்தது ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள விங்கிள்போர்ட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் வியாழக்கிழமை என்றால் கவுன்சில் அலுவலகத்துக்குப் போய் ஆட்சேபம் எழுதிக் கொடுப்பார்கள். கரையில் புது பெஞ்சு போட்டால் ஆட்சேபம். அதை எடுத்தாலும் ஆட்சேபம். வரிசையில் நின்று ரோஸ் நிறப் படிவம் வாங்கி, 'காரணம்' என்ற கட்டத்தில் எல்லாரும் ஒரே வாக்கியத்தை எழுதுவார்கள்: 'இதனால் ஊர்க்குணம் கெட்டுவிடும்.' ஊர்க்குணம் என்றால் என்னவென்று எழுதியவர்களுக்கும் தெரியாது. படிவங்கள் ஒரு பெட்டிக்குள் போகும். பெட்டி நிறைந்தால் வேறு பெட்டி வைப்பார்கள். யாரும் படித்ததில்லை. எழுதியவருக்கு நிம்மதி, கவுன்சிலுக்கும் வேலை மிச்சம் என்று எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. நார்மன் அதுவரை நானூற்றுப் பன்னிரண்டு ஆட்சேபம் எழுதியிருந்தது. நானூற்றுப் பதிமூன்றாவதாக, 'எங்கள் வளையை விற்கக் கூடாது. விற்றால் ஊர்க்குணம் கெட்டுவிடும்' என்று எழுதிப் போட்டது.

கெட்ட நேரம், அந்த வாரம் கவுன்சிலுக்குப் புது அதிகாரி வந்திருந்தது. திருமதி தோர்ன் என்ற நாரை. வந்த காகிதத்தைப் படிக்கும் ஊரிலிருந்து மாற்றலாகி வந்த நாரை அது. நார்மனின் படிவத்தைப் படித்தது. பெட்டிகளைத் திறந்து பழைய நானூற்றுப் பன்னிரண்டையும் படித்தது. "ஒரே ஆள் இத்தனை தடவை ஊர்க்குணத்தைக் காப்பாத்தச் சொல்லியிருக்கார். யாருமே போய்ப் பார்க்கலையா?" என்று அலுவலகத்தைப் பார்த்துக் கேட்டது. அலுவலகம் தேநீர் குடிக்கப் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் நாரை கேமராவும் அளவு நாடாவுமாக வளைக்கு வந்தது. பெரில் அப்போது மட்டிக் கடையில் இருந்தது.

"இந்த வளையில ஊர்க்குணம் எங்க இருக்குன்னு காட்டுங்க ஐயா" என்றது நாரை.

நார்மன் விழித்தது. ஆட்சேபத்துக்கு ஆதாரம் கேட்டவர்கள் அந்த ஊர்ச் சரித்திரத்திலேயே இல்லை. நாரை சுவரைப் பார்த்தது. ஓதம் எல்லா ஊரிலும் இருக்கிறது என்றது. கதவைப் பார்த்தது. இதற்கு ஒரு தச்சன் போதும் என்றது. "அப்படின்னா இங்க பாதுகாக்க ஒண்ணும் இல்லைன்னு எழுதிடவா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே காலை வைத்தது.

நார்மனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானூத்திப் பன்னெண்டு தடவை எழுதினப்ப வரல. இப்ப வந்து எங்க இருக்குன்னு எங்கிட்டயே கேக்கறே. மிதியடி ஒண்ணு போட்டிருக்கே, அது கண்ணுக்குத் தெரியலையா? காலைத் துடைச்சிட்டு வாம்மா. காலு வேற இவ்வளவு நீளம். துடைச்சு முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்."

நாரை அப்படியே நின்றது. மெதுவாகக் கேமராவை எடுத்தது. "அசையாதீங்க" என்றது.

மறுவாரம் முத்திரை குத்திய சான்றிதழ் வந்தது. அதில், 'பாதுகாக்கப்பட்ட அம்சம்: நீர்நாய், ஆண், ஒன்று. பழுப்பு ஸ்வெட்டருடன், முணுமுணுக்கும் நிலையில், வாசலோடு பொருத்தப்பட்டது. இதை அகற்றவோ, மாற்றவோ, மெருகேற்றவோ கூடாது' என்று எழுதியிருந்தது.

விங்கிள்போர்ட்டில் ஒரு ஆட்சேபம் ஜெயித்தது அதுவே முதல் தடவை. நார்மன் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு விருந்து வைத்தது. அவர்களும் வந்து சாப்பிட்டுவிட்டு, விருந்துச் சத்தத்துக்கு ஆட்சேபம் எழுதப் போனார்கள். பெரில் மட்டும் சான்றிதழை இரண்டு தடவை படித்தது.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"நீ அப்ப கடையில இருந்தியே" என்றது நார்மன்.

இருவரும் கவுன்சிலுக்கு ஓடினார்கள். நாரை நல்ல மாதிரிதான். உட்காரச் சொல்லி விளக்கியது. "ஆய்வு நேரத்துல இல்லாதது அம்சம் ஆகாது அம்மா. உங்களைச் சேர்க்கணும்னா திருத்த மனு போடணும். எட்டு மாசம் ஆகும்."

"அப்ப நானும் இவளோட போயிடறேன்" என்றது நார்மன்.

"பாதுகாக்கப்பட்ட அம்சத்தை அகற்றுறது குற்றம் ஐயா. அகற்றின ஆளும் நீங்க, அகற்றப்பட்ட பொருளும் நீங்க. கேஸ் ரொம்பச் சிக்கலாயிடும்."

நரிக்கு இது எதுவும் இடைஞ்சலாகத் தெரியவில்லை. நீர்நாயை அகற்றத்தான் தடை, வளையை விற்கத் தடை இல்லை. ஒன்பது லட்சத்தை அடித்துப் பதினெட்டு லட்சம் என்று எழுதி, கீழே 'அசல் முணுமுணுப்பு, அரசுச் சான்றிதழுடன்' என்று சேர்த்தது. மூன்றே நாளில் டார்குவின், ஃபெலிசிட்டி என்ற முயல் தம்பதி வாங்கிவிட்டார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நார்மனின் கையைப் பிடித்து, "நீங்க இருக்கீங்கன்னுதான் வாங்கினோம்" என்றார்கள். பெரில் தூங்கும் பக்கத்தில் ஒயின் பாட்டில் அடுக்கும் அலமாரி வைக்க அளவெடுத்தார்கள். "அவங்க சான்றிதழ்ல இல்லையே" என்று ஃபெலிசிட்டி நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னது.

பெரில் மட்டிக் கடையை மூடியது. மூன்று பஸ் மாறிப் போகும் தூரத்தில், கடல் வாசனையே இல்லாத ஒரு புதுக் குடியிருப்பில் அறை எடுத்தது. "எட்டு மாசம்தானே, மனு போட்டிருக்கோம்ல? நீ வீட்டைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனது. பஸ் திரும்பும்வரை நார்மன் கையை ஆட்டிக்கொண்டே நின்றது. அகற்றப்படாமல் எவ்வளவு தூரம் எட்டிப் பார்க்க முடியுமோ அவ்வளவு தூரம் எட்டிப் பார்த்தது.

இப்போது முயல்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. பெரில் போன மறுநாளிலிருந்து நார்மன் முணுமுணுக்கவில்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. கப்பல் வந்தது, போனது. காற்று அடித்தது, நின்றது. நார்மன் வாயைத் திறக்கவில்லை. கேட்க ஆள் இருந்தால்தானே முணுமுணுக்க முடியும்? விருந்தாளி முயல்கள் வாசலில் வரிசையாக நின்று, திட்டு கிடைக்காமல் திரும்பிப் போயின.

"வீட்டோட மதிப்பு இறங்கிடுமே" என்று டார்குவின் நரியைக் கூப்பிட்டு அழுதது.

நரி யோசித்தது. "தனி நீர்நாய்க்கு மவுசு குறைச்சல்தான் சார். ஜோடியா இருந்தா சண்டை போடும். ஒரு மனைவியை வேலைக்கு வைங்க."

மறுநாள் ஜன்னலில் ஒரு அறிவிப்பு தொங்கியது: 'தேவை: உள்ளூர் மனைவி. வார இறுதிகளில் மட்டும். முன் அனுபவம் விரும்பத்தக்கது.'

நார்மனைப் பார்க்க வந்த பெரில் அந்த அறிவிப்பைப் படித்தது. அதற்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எட்டு மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த வேலை கிடைத்தால் வாரம் இரண்டு நாளாவது நார்மனோடு இருக்கலாம். வரிசையில் நின்றது. டோக்கன் எண் பதினேழு.

துறைமுக மேடையில் மேசை போட்டு முயல் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். நரி படிவத்தைச் சரிபார்த்தது.

"விங்கிள்போர்ட்ல எத்தனை வருஷம் இருந்தீங்க?" என்று கேட்டது ஃபெலிசிட்டி.

"பொறந்ததுலேருந்து."

"மனைவியா முன் அனுபவம்?"

"முப்பது வருஷம்."

"எங்கே?"

"இதோ, இவருக்குத்தான்."

நரி தலையைத் தூக்கியது. "அதுக்குச் சான்றிதழ் இருக்கா அம்மா?"

சான்றிதழ் இல்லை என்றது பெரில். "பரவாயில்ல, செய்முறைத் தேர்வு வெச்சுடலாம்" என்றது டார்குவின். "அவர் வாசல்ல நிக்கறார் பாருங்க. ஊர்க்குணம் தெரியற மாதிரி அவரோட கொஞ்சம் பேசுங்க."

பெரில் நார்மனைப் பார்த்தது. ஸ்வெட்டரில் முழங்கைப் பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. அதைத் தைக்கவும் அனுமதி இல்லை. மீசை தொங்கிப் போயிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டது பெரில்.

"ம்."

"என்ன சாப்பிட்டே?"

நார்மன் ஸ்வெட்டரின் ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டது. "ஒண்ணும் சாப்பிடல" என்றது.

முயல் தம்பதி தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். "மனசைத் தொட்டுடுச்சு, நிஜமா" என்றது ஃபெலிசிட்டி. "ஆனா நாங்க எதிர்பார்க்கற உள்ளூர்த்தனம் இதுல இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

வேலை பதினெட்டாவது டோக்கனுக்குப் போனது. அது லண்டன் நாடகப் பள்ளியில் படித்த ஒரு அன்னம். நீர்நாய் வால் ஒன்றை ஊசி குத்தி மாட்டியிருந்தது. அலகுக்கு மேல் மீசை ஒட்டியிருந்தது. விங்கிள்போர்ட் பேச்சில் மூன்று மாதப் பயிற்சி எடுத்திருந்தது. இறக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "யோவ் கிழடு, குப்பையைக் கொட்டினியா இல்லையா?" என்று நார்மனைப் பார்த்துக் கத்தியது. முயல் தம்பதி எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆய்வுக்கு வந்திருந்த நாரைகூட ஒரு போட்டோ எடுத்துக்கொண்டது.

பெரில் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தது. நார்மன் அதன் முதுகைப் பார்த்தது. திரும்பி வளையைப் பார்த்தது. முப்பது வருஷம் இருந்த வீடு. பிறகு மிதியடியிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தது.

"ஐயா, நில்லுங்க" என்று படிவத்தோடு பின்னாலேயே ஓடி வந்தது நாரை. "உங்களை மாத்தவே கூடாதுன்னு சான்றிதழ்ல இருக்கு."

"நான் எங்கம்மா மாறினேன்?" என்றது நார்மன், நடப்பதை நிறுத்தாமல். "முப்பது வருஷமா அவ பின்னாலதான் போயிட்டிருக்கேன். அன்னிக்கு நீ வந்தப்ப ஒரு நிமிஷம் நின்னுட்டேன், அதைப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டே."

நாரை இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்தைப் புரட்டிக்கொண்டே பின்தங்கிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். பஸ் வரவில்லை. "ஒழுங்கா ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்கு பஸ்ஸு?" என்று நார்மன் ஆரம்பித்தது. பல வாரத்துச் சரக்கு, மடை திறந்துவிட்டது. பஸ்ஸைத் திட்டியது, மழையைத் திட்டியது, அன்னத்தின் வாலைத் திட்டியது. பெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசித்துக் கேட்டது. அந்தப் பக்கம் போன மூன்று முயல்கள் நின்றன. பிறகு ஏழு முயல்கள் ஆயின. சற்று நேரத்தில் நரி வந்தது. ஒன்றும் பேசாமல் அளவு நாடாவை நிறுத்தத்தின் ஒரு தூணிலிருந்து மறுதூணுக்கு இழுத்தது.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க சார்" என்றது. "தரையை அளக்கணும்."

நார்மன் காலைத் தூக்கியது. தூக்கியபடியே நரியைப் பார்த்தது, முயல்களைப் பார்த்தது. மெல்ல பெரிலின் காதருகே குனிந்தது. "பெரில், வீட்டுக்கு விலை ஏறல. நாம உக்கார்ற இடத்துக்குத்தான் ஏறுது. நாம இருக்கறதாலதான் நாம இருக்க முடியல."

இருவரும் வாயைத் தைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

பெரிலின் அறைக்கு மாத வாடகை ஏழு கானாங்கெளுத்தி. வீட்டுக்காரர் ஒரு மூஞ்சூறு. நார்மன் போய் இறங்கிய அன்றே, "அறை எப்படி இருக்கு?" என்று கேட்டது. நார்மன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அருமை" என்றது. கூரை ஒழுகியது. அருமை. தண்ணீர் வரவில்லை. ரொம்ப அருமை. எதிரே வருகிற எல்லாருக்கும் இருவரும் ஒரே அளவில் சிரித்தார்கள். சாரமே இல்லாத ஜோடி என்று குடியிருப்பில் பெயர் வாங்கினார்கள். அங்கே யாரும் போட்டோ எடுக்க வரவில்லை. திருத்த மனு மட்டும் ஒன்பதாவது மாதம் அங்கீகரிக்கப்பட்டு, ஆய்வுப் போட்டோவில் மனைவியாக இருந்த அன்னத்தின் பெயருக்கு வந்தது. அந்தக் குடியிருப்பில் நாலு வருஷமாக வாடகை ஏறவில்லை.

தினமும் மாலை ஆறு மணிக்கு இருவரும் துணி அலமாரிக்குள் ஏறி, கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, கதவை இறுகச் சாத்திக்கொள்வார்கள். அரை மணி நேரம் நார்மன் உலகத்தையே முணுமுணுக்கும். இப்போதெல்லாம் பெரிலும் கூடச் சேர்ந்து முணுமுணுக்கிறது. அதற்கும் சொல்ல நிறைய இருந்தது என்று நார்மனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் வாடகை வாங்க வந்த மூஞ்சூறு அலமாரிக் கதவைத் தட்டி, "உள்ள என்ன சத்தம்?" என்று கேட்டது.

"ஒண்ணும் இல்லைங்க" என்று இரண்டு குரல்களும் சேர்ந்து சொல்லின. "ரொம்ப சந்தோஷமா இருக்கோம்."

மூஞ்சூறு திருப்தியாகப் போய்விட்டது.

நீதி: வாடகை வீட்டில் இருப்பவர்கள் குணத்தை வெளியே காயப்போடக் கூடாது.